மிச்சத்துக்கு நீர் அடைத்தது

நிதானம் ஓட்டிய வண்டியில் பின்னால் ஏறியவர்கள் யாரும் வேகம் போதவில்லை என்று குறை சொன்னதில்லை. அது அமரர் ஊர்தி. பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தியதிலிருந்து மயானத்தில் இறக்கும் வரை முள் முப்பதைத் தாண்டாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. முதலாளியம்மாவிலிருந்து மயானத்துக் காவலாளி வரை மற்ற எல்லாருக்கும் அவர் நிதானம்தான்.

வேலையில் சேர்த்த அன்றே முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஹாரன் அடிக்கக் கூடாது. இறந்தவரின் சொந்தக்காரர்கள் பார்க்க வண்டியைப் பின்னால் எடுக்கவே கூடாது. கொண்டுபோனவரைத் திருப்பிக் கொண்டுவருகிற மாதிரி இருக்கும். முகத்தில் சிரிப்பும் இருக்கக் கூடாது, அழுகையும் இருக்கக் கூடாது. இதில் கடைசியாகச் சொன்னது அவருக்கு வெகு சுலபமாகப் படிந்துவிட்டது. வருடக்கணக்கில் அப்படியே வைத்திருந்ததில் முகம் வீட்டுக்கு வந்தாலும் கலையவில்லை. மகளின் கல்யாணப் படத்தில் எல்லாரும் பல் தெரிய நிற்க, இவர் மட்டும் யாருக்கோ இரங்கல் தெரிவிக்க வந்தவர் போல நிற்பார். உள்ளே அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. முகத்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. இவர் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். அவள் அதே வாசல் வழியாக அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். யார் முதலில் போவது என்று ஒருநாள் தகராறு வந்தது. "உங்க ஆளுக்கு என்ன அவசரம்? எனக்கு மெஷின் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள் அவள். நியாயமாகப் பட்டது. ஒதுங்கி வழிவிட்டார். அடுத்த வருடம் கல்யாணம்.

மகள் புகுந்த வீட்டுக்குப் போனபிறகு வீட்டில் இரண்டு பேர்தான். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு குளியலறை. ராத்திரி எந்த நேரத்திலும் அழைப்பு வரலாம் என்பதால் வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கும். வண்டி நிறுத்தும் இடத்துக்கு அந்தத் தெருவில் அடிதடியே நடக்கும். ஆனால் இவர் வண்டிக்கு முன்னும் பின்னும் மட்டும் எப்போதும் இடம் காலியாகக் கிடக்கும்.

வீட்டுக்கு ஒரு பூனை வந்ததும் இந்த வண்டியில்தான். தனியாக வாழ்ந்து இறந்துபோன தட்டச்சு ஆசிரியை ஒருவரை ஏற்றிக்கொண்டு மயானத்துக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தார். பெட்டிக்கு முன்னால் ஒரு பூனை இறங்கியது. சாம்பல் நிறம், ஒரு காது மடங்கிய கடுவன். அந்த அம்மாளின் சொந்தக்காரர்கள் அலமாரி யாருக்கு, தையல் மெஷின் யாருக்கு என்று வழியெல்லாம் பேசித் தீர்த்திருந்தார்கள். பூனை யாருக்கு என்று நிதானம் கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னங்க இது?"

"எல்லாரும் அவங்கவங்களுக்கு வேண்டியத எடுத்துக்கிட்டாங்க. இது மிச்சம்."

அதுவே பெயராகிவிட்டது. அந்தப் பூனைக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவள் அன்றே அறிவித்துவிட்டாள். அறிவித்துவிட்டுப் போய் ஒரு பழைய தலையணையைப் பிரித்து அதற்கு மெத்தை தைத்தாள்.

நான்கு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு சாயங்காலம் நிதானம் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் குளியலறைக் கதவோரத்தில் குந்தியிருந்தாள்.

"இங்க வாங்க. இது மணல் தட்டுல போய்ப் போய் உக்காருது. ஒண்ணும் வரல. மத்தியானத்துலேர்ந்து இதே வேலைதான்."

"மலச்சிக்கலா இருக்கும்."

"அது வேற மாதிரி உக்காரும். இது ஒண்ணுக்கு. பாருங்க, அடிவயித்தத் தொட்டா கடிக்க வருது."

உறவில்லாத பூனை எப்படி உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அத்தனை துல்லியமாகத் தெரிந்திருந்தது. மிச்சம் தட்டிலிருந்து எழுந்து, இரண்டடி நடந்து, மறுபடி குந்தி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டது. வண்டியின் பின்னால் அழுகிறவர்களின் சத்தத்தை எத்தனையோ வருடமாகக் கேட்டவர் அவர். இந்தச் சத்தம் அவரை உலுக்கிவிட்டது. முகம் வழக்கம்போல இருந்தது.

அழுக்குத் துணி போடும் கூடையில் பூனையை வைத்து மூடிக் கட்டி, கடைத்தெருவில் இருந்த கண்ணாடிக் கதவு போட்ட தனியார் மிருக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். அவசரத்துக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே குளிர், மெல்லிய இசை, சோபாக்களில் நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும். கண்ணாடி வழியே வெளியே பார்த்த ஓர் அம்மாள் தன் நாய்க்குட்டியை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து ஓடி வந்தாள்.

"சார், நாங்க யாரும் உங்கள வரச் சொல்லலியே!"

"தெரியும்மா. பூனைக்கு உடம்பு சரியில்ல."

"வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா சார்? ரொம்பத் தள்ளி?"

தெரு திரும்பும் முனை வரை தள்ளி நிறுத்திவிட்டு வந்தார். டாக்டர் இளைஞர், நல்ல மாதிரிதான். வயிற்றை அழுத்திப் பார்த்தார், மிச்சம் அவர் விரலைக் கடித்தது, அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நீர் போகும் பாதை அடைத்திருக்கிறது, ஆண் பூனைகளுக்கு வருவதுதான், மயக்கம் கொடுத்துக் குழாய் செருகிக் கழுவிவிட வேண்டும், மூன்று நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். மேசைப் பெண் தொகையைச் சொன்னாள். நிதானம் அதைக் காதில் வாங்கி, தன் சம்பளத்தோடு ஒப்பிட்டு, சம்பளம் தோற்றதைக் கவனித்தார்.

"பூனைக்கா, பூனையோட சேர்த்து எங்க ரெண்டு பேருக்குமா?" என்று மனைவி கேட்டாள்.

முன்பணம் பாதியாவது கட்டினால்தான் உள்ளே எடுப்பார்களாம். டாக்டர் சங்கடப்பட்டுக்கொண்டு ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டார். அதற்குக் கையில் இருந்தது சரியாகப் போயிற்று. "இது ராத்திரிய ஓட்டத்தான் சார். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எங்கயாவது அடைப்ப எடுத்துடுங்க. விட்டா உசுருக்கே ஆபத்து" என்றார்.

காலையில் அரசாங்கக் கால்நடை மருந்தகம் திறக்கும் முன்பே நிதானம் வாசலில் நின்றார். கம்பவுண்டர் சாவியைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"மாடா, ஆடா?"

"பூனைங்க."

"கோழின்னாகூடப் பார்க்கலாம்" என்று வருத்தத்தோடு சொன்னார் கம்பவுண்டர். டாக்டர் கிராமங்களுக்குப் போயிருந்தார். நாளை மறுநாள்தான் வருவார். இங்கே இருக்கிற குழாயெல்லாம் எருமைக்குப் போடுவது. அதைக் காட்டினாலே பூனை செத்துவிடும். ஆனாலும் மனுஷர் கூடையைத் திறந்து பார்த்தார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. ரிங் ரோட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்க பசங்க கத்துக்கறதுக்காகப் பார்ப்பாங்க. மருந்துக்கும் குழாய்க்கும் மட்டும் குடுத்தாப் போதும். பதினோரு மணியோட சீட்டு குடுக்கறத நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள போயிடுங்க."

ரிங் ரோடு என்றதும் நிதானம் மணியைப் பார்த்தார். பத்து மணிக்கு அவருக்கு ஒரு சவாரி இருந்தது, அதற்குள் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியாது. மயானமும் அதே ரிங் ரோட்டில்தான்.

மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் ஏற்கெனவே மேற்பார்வையாளரிடம் லீவு கேட்டிருந்தாள். பூனைக்கெல்லாம் லீவு கிடையாது, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால் தரலாம் என்றாராம். "மாமியாருக்குன்னா நான் கேட்டிருக்கவே மாட்டேனேன்னு சொன்னேன்" என்றாள். "நீங்க முதலாளியம்மாகிட்ட கேளுங்களேன்."

முதலாளியம்மாவிடம் வேறு ஓட்டுநர் இல்லை. இன்னொரு வண்டியை ஓட்டுகிறவர் தன் மாமனாரின் சாவுக்குப் போயிருந்தார். நிதானம் கேட்கவில்லை. கூடையைத் தூக்கி முன்சீட்டில், தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சவாரி வீட்டுக்குப் போனார்.

இறந்துபோனவர் ரயில் கால அட்டவணை போடும் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கடிகாரம். எல்லாம் ஒரே நேரம் காட்டின. இரண்டு மகன்கள். பெரியவன் தொண்டை அடைத்துப் போய்ச் சுவரோரம் நின்றான். சின்னவன் ஃபோனில் பேசியபடியே எல்லாவற்றையும் நடத்தினான். "அப்பா வாழ்க்கையில ஒரு நிமிஷம் லேட் ஆனதில்ல. பதினொன்றரைக்கு மயானத்துல நேரம் குடுத்திருக்காங்க. பார்த்துக்குங்க டிரைவர்" என்றான். பெட்டியை ஏற்றினார்கள். சொந்தக்காரர்களின் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வரிசை கட்டின. இறந்தவரின் மனைவி, எழுபதைத் தாண்டிய அம்மாள், பிள்ளைகள் காரில் ஏறச் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு நேராக வந்து வண்டியின் முன்கதவைத் திறந்தார்.

"நான் இதுலதான் வருவேன்."

அது வழக்கத்தில் உள்ளதுதான். நிதானம் அவசரமாகக் கூடையைக் காலடியில் தள்ளினார். வண்டி புறப்பட்டது.

கொஞ்ச தூரம் அமைதியாகப் போயிற்று. முதல் சிக்னலில் மிச்சம் குரல் கொடுத்தது. அடிவயிற்றிலிருந்து எழுந்து மெல்ல மெல்ல இழுத்து முடியும் ஒரு குரல். நிதானம் சாலையைப் பார்த்தார். அம்மாள் பின்பக்கம் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு நிதானத்தைப் பார்த்தார்.

"யாரு தம்பி அது?"

"பூனைங்கம்மா. மன்னிச்சுக்குங்க. வேற வழியில்லாம கொண்டுவந்துட்டேன்."

"எதுக்கு இப்படிக் கத்துது?"

துக்க வீட்டுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவர் இரண்டு தெரு தூரம் யோசித்தார். வேறு நாகரிகமான சொல் அகப்படவில்லை. "ஒண்ணுக்குப் போக முடியலம்மா. அடைச்சுக்கிச்சு."

அம்மாள் மறுபடி திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

"இவருக்கும் அதேதான்" என்றார் பிறகு. "மூணு வருஷம். ராத்திரி பூரா பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடப்பார். டாக்டர்கிட்ட போகலாம்னா, அதுக்கெல்லாம் நேரம் இருக்குன்னு சொல்வார். எல்லாத்துக்கும் நேரம் வச்சிருந்த மனுஷன்." குனிந்து கூடையின் முடிச்சைத் தளர்த்தி உள்ளே பார்த்தார். "நாக்கத் தொங்கப் போட்டுருச்சு. எங்க காட்டப் போறீங்க?"

"ரிங் ரோட்டுல கால்நடைக் காலேஜ் இருக்காம். உங்களக் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பி வந்து..."

"எப்ப மூடுவாங்க?"

"பதினொண்ணுக்கு."

அம்மாள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது நிச்சயம் சரியான நேரம் காட்டியிருக்கும்.

"வழியிலதானே இருக்கு? உள்ள விடுங்க."

"ஐயோ, அது முடியாதுங்கம்மா. பின்னால எல்லாரும் வர்றாங்க. ஐயாவுக்கு நேரம் குடுத்திருக்காங்க."

"அவருக்கு இனிமே என்ன தம்பி அவசரம்?"

ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டு ஒருத்தி தன்னை ஒதுங்க வைத்தது நிதானத்தின் நினைவுக்கு வந்தது.

"பசங்க கோவிச்சுப்பாங்கம்மா."

"வண்டிக்குச் சொன்னது நான். கூட்டிக்கிட்டுப் போறது என் புருஷனத்தான். நாப்பத்தாறு வருஷம் அவர் சொன்ன நேரத்துக்கு அவர் சொன்ன வழியில போனேன். இன்னிக்கு ஒரு பத்து நிமிஷம் என் வழியில வரட்டும்." கொஞ்சம் விட்டு, "அவருக்குப் பூனைன்னா ஆகவே ஆகாது" என்றும் சொன்னார். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

நிதானம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வரிசை மாறாமல் கார்கள் வந்துகொண்டிருந்தன. முள் முப்பதில் நின்றது. அவர் காலை அழுத்தினார். நாற்பது. நாற்பத்தைந்து. பின்னால் வந்த கார்களும் ஒன்றும் புரியாமல் வேகம் பிடித்தன. சாலையோரம் நடந்தவர்கள் சவ ஊர்வலம் ஒன்று ஓட்டமாக ஓடுவதை நின்று பார்த்தார்கள்.

கல்லூரி வாசலில் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அமரர் ஊர்தியும் அதன் பின்னால் விளக்கெரியும் கார்களும் திரும்புவதைக் கண்டதும் எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார். ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கல்லூரியில் எலும்பியல் சொல்லிக்கொடுத்த பழைய பேராசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். இன்றோ நாளையோ என்று எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்; கடைசி மரியாதைக்கு அவரைக் கல்லூரிக்குத்தான் கொண்டுவருவார்கள். காவலாளி உள்ளே ஃபோன் செய்து, "சார், கொண்டுவந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

நிதானம் வண்டியை முற்றத்தில் நிறுத்தி இறங்கி, மறுபக்கம் போய்க் கூடையை எடுப்பதற்குள் கல்லூரி முதல்வர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்கி வந்துவிட்டார். பின்னால் பேராசிரியர்கள். வகுப்புகளிலிருந்து வெள்ளைக் கோட்டு மாணவர்கள் வந்து இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நாய்களோடு நின்றவர்கள் கூட நாய்களை உட்கார வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள். முதல்வர் வண்டியின் கண்ணாடிக்கு அருகில் வந்து, பெட்டியைப் பார்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை.

பின்னால் நின்ற காரிலிருந்து சின்ன மகன் இறங்கி வேகமாக வந்தான். "எங்கய்யா கொண்டுவந்து..." என்று ஆரம்பித்தவன், கூட்டத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். பெரியவன் அவனுக்குப் பின்னால் வந்து நின்றான். முன்பின் தெரியாத அத்தனை பேர் தன் அப்பாவுக்கு முன்னால் தலை குனிந்து நிற்பதை அவன் பார்த்தான். காலையிலிருந்து அடைத்திருந்த தொண்டை அங்கேதான் திறந்தது.

"அப்பாவுக்கு இவ்வளவு பேரத் தெரியுமா?" என்று தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையேடா."

அந்த நேரம் பார்த்து மிச்சம் கத்தியது.

முதல்வர் நிமிர்ந்தார். கூடையைப் பார்த்தார், நிதானத்தின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை.

"நீங்க?"

"சீட்டு வாங்கணுங்க. பூனைக்கு நீர் அடைச்சிருக்கு."

முதல்வர் பெட்டியைக் காட்டினார். "அப்ப இது?"

"அது வேற சவாரிங்க."

முதல்வர் பெரிய மனிதர். வரிசையை அப்படியே நிற்க விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பேராசிரியையிடம் மெதுவாகச் சொன்னார்: "பூனைய உள்ள எடுத்துக்கங்க. நாங்க கொஞ்ச நேரம் இங்க நிக்கறோம்." முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்குக் கை கூப்பினார். அம்மாளும் கூப்பினார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும்.

உள்ளே ஒன்பது மாணவர்கள் ஒரு பூனையைப் பிடித்தார்கள். ஒருவர் தலை, ஒருவர் வால், காலுக்கு ஒருவர், மிச்சமிருந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். பேராசிரியை ஊசி போட்டதும் மிச்சம் துணி போலத் துவண்டது. "வெளியே போயிருங்க அண்ணா, பார்க்க வேணாம்" என்றாள் ஒரு மாணவி. நிதானம், தான் பார்க்காததா என்று நினைத்தார். ஆனால் கால்கள் தாமாகவே வெளியே கொண்டுவந்து விட்டன. கதவுக்கு வெளியே சுவரில் மாட்டியிருந்த குதிரையின் குடல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இரண்டு தடவை விரலால் தொடர்ந்து போய்ப் பார்த்தார்.

அந்த மாணவி வந்து எட்டிப் பார்த்தாள். "குழாய் உள்ள போயிருச்சு அண்ணா. வருது. நல்லா வருது. மணல் மாதிரி ஏதோ அடைச்சிருக்கு. சாயங்காலம் வந்து பாருங்க."

அவர் தலையசைத்துவிட்டு வண்டிக்கு நடந்தார். கண்ணாடியில் பார்த்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. எப்போது என்று தெரியவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு ஏறினார்.

"என்ன ஆச்சு?" என்றார் அம்மாள்.

"வருதுங்கம்மா."

"அப்பாடா" என்று சீட்டில் சாய்ந்தார் அந்த அம்மாள். அன்று காலையிலிருந்து அவர் சாய்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

முற்றத்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. முன்னால் படிக்கட்டு, பக்கங்களில் மாணவர்கள். வேறு வழியில்லாமல் நிதானம் அத்தனை பேர் பார்க்க வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அதற்காக எல்லாக் கார்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டியிருந்தது. காவலாளி கையைக் காட்டிக் காட்டி வழி சொன்னார். மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. ஆனால் முன்னால் போனவர்கள் அதைவிடத் தாமதம். இவர்கள் வரிசையில் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டி வந்தது. கால அட்டவணை அதிகாரி தன் வாழ்நாளில் கண்டிராத விஷயம் அது.

பெரியவன் புகார் எதுவும் சொல்லவில்லை. சின்னவன் சொன்னான். மறுநாள் முதலாளியம்மா நிதானத்தைக் கூப்பிட்டு எதிரில் நிற்க வைத்தார்.

"பூனையக் கொண்டுபோனீங்களாமே?"

"ஆமாம்மா."

"ஓட்டமா ஓட்டினீங்களாமே?"

"கொஞ்ச தூரம்தாம்மா."

"அதுகூடப் பரவாயில்ல. வண்டியப் பின்னால எடுத்தீங்களா?"

நிதானம் தரையைப் பார்த்தார். "எடுத்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"படிக்கட்டுலேர்ந்து கேட்டு வரைக்கும்."

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு வண்டி கிடையாது, பட்டறையில் பெட்டிக் கைப்பிடிகளுக்குப் பாலிஷ் போட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கைப்பிடிகள் அந்த இரண்டு வாரமும் முகம் பார்க்கும்படி இருந்தன.

ஆனால் அன்று மதியமே அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது. அந்த அம்மாள். "பூனை எப்படி இருக்கு?" என்றார். "தெரியலீங்கம்மா" என்றார் முதலாளியம்மா. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது, அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் தெரியாது என்று சொல்ல முதலாளியம்மாவுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"அது இன்னிக்கு எவ்வளவு குடிச்சுது?"

"நல்லா குடிக்குதும்மா."

"போகுதா?"

"குழாய் வழியா போகுது. நாளைக்குக் குழாய எடுப்பாங்க."

"சரி. அந்தம்மா கேட்டா சொல்லணும்ல" என்று முதலாளியம்மா திரும்பிப் போனார்.

கல்லூரியில் செலவு, கம்பவுண்டர் சொன்னபடி, மருந்துக்கும் குழாய்க்கும் மட்டும்தான். கையைக் கடிக்கவில்லை. ஆனால் கூண்டில் விரிக்கத் துணி நீங்களே கொண்டுவர வேண்டும் என்றார்கள். அங்கே அதற்குத்தான் பெரும் பஞ்சம். மனைவி முதல் நாள் வீட்டிலிருந்து இரண்டு துண்டு கொண்டுபோனாள். பக்கத்துக் கூண்டுகளில் நாய்கள் வெறும் தகரத்தில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தன. மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய், கிழிந்து கழித்துப்போட்ட ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை எரிப்பதற்குப் பதில் தனக்குத் தர முடியுமா என்று கேட்டாள். இதற்கு லீவு தேவையில்லை என்பதால் அவர் உடனே சம்மதித்தார். அவள் அவற்றைக் கொதிக்க வைத்து வெளுத்து, கிழிசலைத் தைத்து, மூட்டை கட்டிக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு மிச்சத்தைக் காட்டப் போனபோதெல்லாம் சீட்டுக்காரர் இவர்களிடம் காசு வாங்கவில்லை. ஒன்பது மாணவர்களும் அவளை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "இவங்களுக்கெல்லாம் நான் எப்ப அம்மா ஆனேன்?" என்று வழியெல்லாம் அலுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அவர்களில் ஒருவனின் கிழிந்த கோட்டுப் பையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மிச்சம் வீட்டுக்கு வந்த அன்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கடையில் விற்கும் காய்ந்த தீனி இனிமேல் கிடையாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முக்கியமாக, ஒவ்வொரு தடவையும் போகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்க்க மிச்சம் விடவில்லை. யாராவது எட்டிப் பார்த்தால் எழுந்து வந்துவிடும். அதனால் காதால் கேட்க வேண்டியதாயிற்று. மிச்சம் குளியலறைக்குள் போனால் இருவரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, சரியாகச் சாத்தாத அந்தக் கதவின் இரண்டு பக்கமும் போய் நின்றுகொள்வார்கள். பக்கத்து வீட்டு ரேடியோ பாடினால் மனைவி சுவரில் தட்டி அணைக்கச் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகளும் மருமகனும் வந்து கதவைத் தட்டியபோதுகூட, "கொஞ்சம் இருங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

உள்ளே மணலைப் பறிக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நிதானம் மூச்சை அடக்கினார்.

"கேக்குதா?" என்றாள் மனைவி, உதட்டை மட்டும் அசைத்து.

அவர் கையை உயர்த்திப் பொறு என்றார். மெல்லிய, நீளமான, நிற்காத ஒரு சத்தம் வந்தது.

"கேக்குது" என்றார்.

"நல்லாப் போகுதா?"

"நிதானமாப் போகுது."

அவள் போய் வாசல் கதவைத் திறந்தாள்.